ஓடும் காரும் ஒழுகும் எண்ணெயும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. வைகாசி வெயிலில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் தொட்டு இழுத்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கமாகத் தொடர்கிறது. எல்லார் கண்ணும் தேரின் உச்சியிலோ, வடத்தின் முன்வரிசையிலோ நிலைத்திருக்கும். ஆனால், சக்கரத்தின் அருகே கையில் மரக்கட்டையுடன் குனிந்தபடியே நடந்து வருகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? தேர் தன் போக்கில் ஓடிவிடாதபடி, வேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை கொடுத்து அடக்குகிறவர்கள் அவர்கள். வடம் பிடிக்க ஆள் இல்லையென்றால் தேர் நிற்கும், அவ்வளவுதான். முட்டுக்கட்டை போட ஆள் இல்லையென்றாலோ தேர் ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

'முட்டுக்கட்டை' என்ற சொல்லை நாம் இன்று பழிச்சொல்லாகவே வழங்கி வருகிறோம். இயக்கத்தைக் காப்பாற்றுகிற தடையும் உண்டு என்பதை மறந்துவிட்டோம். அப்படிப்பட்ட ஒரு தடையைப் பற்றியதே இக்கட்டுரை. காரின் சக்கரத்துக்கு அருகே, சேறும் புழுதியும் படிந்து, எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு முழ நீளக் குழாய் அது. நூல்களில் 'அதிர்வு ஏற்பி' என்று எழுதுகிறார்கள். கடையில் ஷாக் அப்சார்பர் என்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் ஷாக்கப்சர். நானும் பட்டறைப் பெயரையே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது போதாதென்று, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, ஆற்றை ஒட்டிய பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. எங்கள் சம்பாப் பயிரில் பாதி அதிலே போயிற்று. வெள்ளம் வடிந்த பின்பு சாலைகள் அம்மை கண்ட முகம்போல் ஆயின.

அப்போது என் அக்காவுக்கு நான்காம் மாதம். தலைப்பிரசவம், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். "நடுராத்திரியில வலி வந்தா எந்த ஆட்டோவைத் தேடிக்கிட்டு நிக்கிறது?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள், அம்மாவின் வளையல் இரண்டை அடகு வைத்து, பழைய சிறு கார் ஒன்றை வாங்கினார். வாங்குமுன் அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். கதவின் அடியில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். எஞ்சினை ஓடவிட்டுப் புகையைப் பார்த்தார். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த அந்த வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது.

இரண்டு வாரம் கழித்து, ஏரிக்கரைப் புழுதியெல்லாம் அடியில் படிந்த பிறகு, அந்தப் புழுதியே சாட்சி சொன்னது. பின்பக்க ஷாக்கப்சர் இரண்டிலும், மேற்பகுதியில் புழுதி உலர்ந்து வெளுத்திருந்தது. கீழ்ப்பகுதியில் மட்டும் கருத்து, ஈரமாய், களிம்புபோல் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் எண்ணெய். ஷாக்கப்சரின் தண்டைச் சுற்றி மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு, அது கவலைக்குரியதன்று. குழாயின் உடல் வழியே வழிந்து இறங்கியிருந்தால் அதுவே கசிவு. எங்கள் வண்டியில் வழிந்திருந்தது.

ஆனால் வண்டி ஓடிற்று! சித்தப்பா அதைத்தான் சொன்னார். "வண்டி ஓடுதா இல்லியா? ஓடுற வரைக்கும் ஓட்டுண்ணே. எண்ணெய் ஒழுகுனா ஒழுகட்டும், அது என்ன எஞ்சின் எண்ணெயா?" பயிரில் பாதியை இழந்த வீட்டில் இது நியாயமான பேச்சாகவே ஒலித்தது. ஓடுகிற வண்டிக்கு எதற்குச் செலவு? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்தக் குழாய் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரின் எடையைத் தாங்குவது ஷாக்கப்சர் அன்று, தாங்குவது வில். சில வண்டிகளில் அது சுருள்வில். சிலவற்றில், பட்டறைக்காரர்கள் கமான் பட்டை என்று சொல்லும் பட்டைவில். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசிடருக்குப் பின்பக்கம் கமான் பட்டைதான். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் சுருங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு: வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அழுத்தினால் நிமிரும், நிமிர்ந்தது மறுபடி தாழும். தனிச்சீரிசை இயக்கம் என்று நம் இயற்பியல் வகுப்பில் படிப்பது இதைத்தான். காரின் உடல் ஏறக்குறைய நொடிக்கு 1 முதல் 1.5 தடவை இப்படி ஆடக்கூடியது. சக்கரமோ தன்னளவில் நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை துள்ளக்கூடியது. யாரேனும் அடக்கினாலொழிய இந்த ஆட்டம் எளிதில் நிற்காது.

அடக்குவது எப்படி? கிணற்றில் வாளியை இறக்கிப் பாருங்கள். கயிற்றில் தொங்கும்போது இப்படியும் அப்படியும் ஆடுகிற வாளி, நீரில் மூழ்கியதும் அடங்கிவிடுகிறது. ஏரித் தண்ணீரில் இறங்கி நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மெல்ல நடந்தால் நீர் வழிவிடும். ஓட முயன்றால் காலைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடக் கூடத் தடையும் கூடும் என்ற இந்த உண்மையை ஒரு குழாய்க்குள் அடைத்தால் அதுவே ஷாக்கப்சர். குழாய் நிறைய எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் மிகச் சிறிய துளைகளும் அடைப்பிதழ்களும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பிஸ்டன் நகர்கிறது. எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழாயின் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. பாடநூலில் 'தடையுறு அலைவு' என்று மூன்று பக்கம் படித்தது இதுதான்.

நண்பர்களே! எங்கள் காரில் இதை ஒரு நாள் நேரிலே சோதித்தேன். குண்டும் குழியுமான சாலையில் சிறிது தூரம் போய்வந்து நிறுத்தியவுடன், நான்கு ஷாக்கப்சர்களையும் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் இளஞ்சூடாக இருந்தன. பின்பக்கம் வலப்புறம் சற்றே வெதுவெதுப்பு. இடப்புறம் குளிர்ந்தே கிடந்தது. வேலை செய்தவனுக்கு உடம்பு சுடும். சும்மா இருந்தவனுக்கு ஏது சூடு? காரின் பின்மூலையை மும்முறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். நல்ல ஷாக்கப்சராக இருந்தால் வண்டி ஒரு தடவை எழுந்து தன் நிலையில் அமர்ந்துவிட வேண்டும். எங்கள் வண்டி தூளிபோல் மூன்று நான்கு தடவை ஆடி ஓய்ந்தது.

இதனால் என்ன கேடு? உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு வலிக்கும் என்பது சிறு கேடு. பெருங்கேடு வேறு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே வண்டியில் போகிறது. துள்ளுகிற சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் அந்த உள்ளங்கையும் இல்லை. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் எப்படிப் பிடிக்கும்? அதிலும் பிரேக்கை அழுத்தும்போது எடையெல்லாம் முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் தாமாகவே லேசாகின்றன. அவை துள்ளவும் தொடங்கினால் ஈரச் சாலையில் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் ஒதுங்கும். டயரும் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேயும். 'வண்டி ஓடுதே' என்பவர்கள் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. ஏனெனில் ஷாக்கப்சர் கெட்டால் வண்டி நிற்பதில்லை. எஞ்சின் கெட்டால் நின்று சொல்லும். டயர் வெடித்தால் ஓசையிட்டுச் சொல்லும். இது சொல்லாமலே கெடும்.

நம் பக்கத்துச் சாலைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத்துண்டாக அமைந்ததன்று. பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் போகிறவர் தமிழ்நாட்டு எல்லையை அடிக்கடி உரசிக்கொண்டே போகிறார். எல்லை மாறும் இடத்தில் சாலையின் முகமும் மாறுகிறது. வேகத்தடைகளோ ஊருக்கு ஊர் வேறு. இந்தியச் சாலைப் பேராயம் 1988-இல் வகுத்த நெறிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வளைந்த மேடாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்ட முடிய வேண்டும். நம் கிராமங்களில் வரப்புபோல் குறுகிச் செங்குத்தாக நிற்கும் மேடுகளை அளந்து பார்த்தால் இந்த அளவு எங்கே கிடைக்கிறது? ஒவ்வொரு மேடும் ஷாக்கப்சரின் தண்டில் விழும் ஓர் அடி. கடற்காற்றின் உப்பு தண்டைத் துருவேற்றுகிறது. துருவும் மணலும் தண்டோடு ஏறி இறங்கி, எண்ணெயை உள்ளே நிறுத்தி வைக்கும் ரப்பர் வளையத்தை அறுக்கின்றன. பிறகு கசிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பட்டறைக்குப் போனோம். வில்லியனூர்ப் பக்கம் நெடுநாளாகத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர். அப்பா முதலில் கேட்டது, "இதுக்கு எண்ணெய் ஊத்திக்க முடியாதாங்க?" என்பதே. அந்தக் கேள்வியில் தவறில்லை. 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் நெம்புகோல் வகை ஷாக்கப்சர் இருந்தது. அதில் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றலாம். இப்போது வரும் குழாய்கள் ஒரேயடியாக மூடி அடைக்கப்பட்டவை.

"துளை போட்டு எண்ணெய் ஊத்தி வெல்டு வெச்சுத் தர்றவங்க இருக்காங்க. விலையில மூணுல ஒரு பங்குதான். ஆனா போன சீல் உள்ள அப்படியேதான் இருக்கும். நாலு மாசம் கழிச்சு மறுபடி வருவீங்க" என்றார் பெரியவர். பழைய சாமான் கடையில் வேறு வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கிப் போடுவது இன்னொரு வழி. "அதுவும் யாரோ ஓட்டித் தேய்ச்சதுதானே தம்பி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. கழற்றிய பழையதையும் கடையிலிருந்து வந்த புதியதையும் பக்கத்தில் வைத்து, "இழுத்துப் பாருங்க" என்றார். புதியதை அப்பா இரு கையாலும் இழுத்தார். அது பிடிவாதமாக, அதே சீராக, மெல்ல நீண்டது. பழையதை இழுத்தார், வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்துவிட்டது. அப்பா சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டனில் துளை இருப்பதை நான் விளக்கியதும், அவர் சொன்ன சொல்லை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. "அப்ப இது மதகு. தண்ணியை அளந்து விடுற மதகு. கரை ஒடஞ்ச ஏரிக்கு மதகு எதுக்கு?"

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணை நீரில் பாகூர் ஏரி நிறைவதையும், அந்த ஏரி மதகு வழியே அளவோடு வயலுக்கு இறங்குவதையும் வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். ஏரியின் பயனெல்லாம் அளவோடு கசிவதில்தான் இருக்கிறது. ஷாக்கப்சரும் அப்படியே. அதன் தொழிலே உள்ளுக்குள் எண்ணெயைக் கசிய விடுவதுதான். அந்தக் கசிவு வெளியே வந்துவிட்டால் தொழில் நோயாகிவிடுகிறது. ஐந்தாண்டுக் கல்வியில் நான் பெறாத தெளிவை அப்பாவின் ஒரு வாக்கியம் எனக்குத் தந்தது.

புதியவை இரண்டும் வேலைக் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய் ஆயிற்று. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாதிச் செலவில் முடிக்கலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் ஒப்பவில்லை. "ஒரு காலுக்குச் செருப்பு, ஒரு காலுக்கு வெறுங்காலா? வண்டி நொண்டும்" என்றார். ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதுதான் முறை. அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டிக்குக் கட்டை கொடுத்தார். துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போட்டார். போல்ட்டுகளை அப்போதே முழுக்க முடுக்கவில்லை. வண்டியைக் கீழிறக்கி, சக்கரங்கள் தரையில் நின்று எடை ஏறிய பிறகே இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும் என்பது அவர் விளக்கம்.

நம் ஊரின் பழைய வரலாற்றோடு தொடர்புடைய பிரெஞ்சு நாடு இந்தக் கருவியின் வரலாற்றிலும் இடம் பெற்றிருப்பது எனக்கு வியப்பூட்டியது. எண்ணெயின் தடையைக் கொண்டு காரின் ஆட்டத்தை அடக்கும் முயற்சியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறங்கியவர் மோரீஸ் ஊதாய் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் தாங்கிய ஷாக்கப்சர்கள் பின்னர் அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் ஏ காரிலும் இடம்பெற்றன. எண்ணெய் நுரைத்துவிடாதபடி அழுத்தமேற்றிய வாயுவைச் சேர்த்து அடைக்கும் ஒற்றைக் குழாய் வகையை 1950-களில் உருவாக்கியவர் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர். சித்ரோஎன் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த பியேர் பூலான்ஷே, உழவர்களுக்கென ஒரு காரை வடிவமைக்கச் சொன்னபோது விதித்த நிபந்தனை இன்னும் சுவையானது: உழுத நிலத்தின் மீது ஒரு கூடை முட்டையோடு போனாலும் முட்டை உடையக்கூடாது! 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த 2 சிவி கார் 1990 வரை உற்பத்தியில் இருந்தது. வேகத்தை முதலில் கேளாமல் முட்டையைக் கேட்ட அந்த அறிவு என்னைக் கவர்ந்தது.

எங்கள் வீட்டு முட்டைக் கூடையையும் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் ஓர் இரவு, கோடை மழை பெய்து ஓய்ந்த நேரத்தில், அக்காவுக்கு வலி கண்டது. அப்பா ஓட்ட, அம்மா அக்காவின் தலையை மடியில் தாங்க, நான் முன்னிருக்கையில் இருந்தேன். கன்னியக்கோயிலில் கடலூர்ச் சாலையைப் பிடித்து வடக்கே போனோம். கிருமாம்பாக்கம் தாண்டியதும் இருட்டில் ஒரு பசு சாலையின் நடுவே படுத்திருந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். வண்டியின் முகம் தாழ்ந்தது, எழுந்தது, நேராக நின்றது. பசு நிதானமாக எழுந்து போயிற்று. பழைய ஷாக்கப்சராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை. பின்னிருக்கையில் அக்கா ஒரு சிறு குலுக்கலுக்கு மேல் உணரவில்லை என்பது மட்டும் தெரியும். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது.

பழைய கார் வாங்குவது இன்று நம் கிராமங்களில் பெருகி வருகிறது; இன்னும் பெருகும். பேருந்து நின்றுவிட்ட நேரத்தில் மருத்துவமனைக்குப் போகவேண்டிய வீடுகள் இருக்கும்வரை அது தேவையும் கூட. ஆகவே மாணவ நண்பர்களுக்கு நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டிலோ உறவிலோ யாரேனும் பழைய வண்டி வாங்கும்போது, 'எவ்வளவு ஓடியிருக்கிறது, எவ்வளவு கொடுக்கும்' என்ற கேள்விகளோடு நிற்காதீர்கள். முழங்காலிட்டுக் குனிந்து, சக்கரத்தின் பின்னே ஒரு கைவிளக்கை அடித்துப் பாருங்கள். குழாய் வழியே எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டி, மேடு பள்ளம் தட்டுகிறதா என்று பாருங்கள். புதிதாகக் கழுவிய வண்டியென்றால், நாலு நாள் புழுதியில் ஓடிய பின் மறுபடியும் பாருங்கள். கசிவு கண்டால் இரண்டையும் சேர்த்து மாற்றும் செலவை விலையிலேயே பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை இது. சட்டையில் சிறிது அழுக்குப் படலாம்.